டிரா போதும் என்றிருந்த ஆட்டம்: 58-வது நகர்த்தலில் நடந்தது

பின்னணி

சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் சதுரங்க அணி கூடும். ஆடுபவர்கள் நான்கு பேர். நான் ஆடுவதில்லை, அணித் தலைவர் வேலையைப் பார்க்கிறேன். வார நாட்களில் கீழே பவர்லூம் ஓடுவதால் பேச்சே கேட்காது. அதனால் ஆன்லைன் அணிப் போட்டிகளை ஞாயிற்றுக்கிழமைக்கே ஒத்துக்கொள்வோம்.

இந்தப் பதிவு மூன்றாம் போர்டில், அதாவது அணியின் மூன்றாவது பலகையில், ஆடும் தம்பியின் ஒரு தோல்வியைப் பற்றியது. அவன் பிளஸ் டூ படிக்கிறான், வீடு ஏற்காட்டில். அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மழைக்காலத்தில் மலையில் நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆட்டத்தின் நடுவில் இணைப்பு அறுந்தால் கடிகாரம் காத்திருக்காது. அதனால் போட்டி நாளில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து எங்கள் மாடியில்தான் ஆடுவான். இதை எழுதுவதற்கு அவனிடமும் அவன் அப்பாவிடமும் கேட்டுக்கொண்டேன். இருவரும் சரி என்றார்கள்.

ரூக்கை எங்கள் பக்கம் யானை என்றும் பிஷப்பை மந்திரி என்றும் சொல்வோம், இங்கேயும் அப்படித்தான். கட்டங்களுக்கு வழக்கமான பெயர்கள்: இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. வீட்டில் பலகை இருந்தால் காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு படியுங்கள். ஐந்தே காய்கள்தான்.

போட்டி நாள்

நவம்பர் ஞாயிறு, மாலை ஆட்டம். ஒருவருக்கு 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடும். எதிரணி வேறு மாவட்டம். அவர்கள் பக்கம் இணைப்புச் சிக்கல் வந்ததால் ஆட்டம் 25 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. இந்த 25 நிமிடத்தைப் பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை.

தம்பிக்குக் கறுப்பு. காரோ-கான் தடுப்பு என்ற தொடக்க முறையை ஆடினான். முதல் முப்பது நகர்த்தல்களில் சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகவே ஆடினான். 34-வது நகர்த்தலில் குதிரையை அவசரப்பட்டுப் பரிமாறியதில் ஒரு சிப்பாய் போனது. அதற்குப் பிறகு பொறுமையாக நின்றான். ராணிகள் போயின, குதிரைகள் போயின. 48-வது நகர்த்தலில் ஆளுக்கு ஒரு யானை, வெள்ளைக்கு இரண்டு சிப்பாய், இவனுக்கு ஒன்று. ஒரு சிப்பாய் குறைவுதான். ஆனால் இவன் ராஜா சரியான இடத்தில் இருந்தது.

அந்த நேரத்தில் மற்ற மூன்று போர்டுகளும் முடிந்துவிட்டன. இரண்டில் நாங்கள் ஜெயித்தோம், ஒன்றில் தோற்றோம். எங்களுக்கு 2, அவர்களுக்கு 1. மூன்றாம் போர்டு டிரா ஆனால் இரண்டரைக்கு ஒன்றரை என்று போட்டி எங்களுக்கு. போட்டி விதிப்படி தலைவர் ஸ்கோரைச் சொல்லலாம், டிரா கேட்கவோ ஏற்கவோ சொல்லலாம். பலகையில் இருக்கும் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நடுவரும் இரண்டு அணிகளும் பார்க்கும் பொதுத் திரையில் நான் எழுதினேன்: “2-1. டிரா போதும்.”

தம்பி உடனே டிரா கேட்டான். எதிராளி மறுத்தார். அவருக்கு ஜெயித்தே ஆகவேண்டும், மறுத்தது நியாயம். அடுத்த ஐந்து நகர்த்தல்களில் ஆளுக்கொரு சிப்பாய் அடிபட்டுப்போய், வெள்ளைக்கு ஈ-வரிசைச் சிப்பாய் ஒன்று மட்டும் மிஞ்சியது.

அந்த நிலை

58-வது நகர்த்தலில் பலகை இப்படி இருந்தது.

வெள்ளை: ராஜா ஈ4, யானை பி7, சிப்பாய் ஈ3.
கறுப்பு: ராஜா ஈ7, யானை டி1.

வெள்ளை யானை பி7-ல் வந்து செக் கொடுத்திருக்கிறது. கறுப்பு ஆடவேண்டும்.

தம்பி யானையை டி1-லிருந்து டி7-க்கு இழுத்து இடையில் வைத்தான். வெள்ளை யானை அதை அடித்தது, இவன் ராஜா திருப்பி அடித்தது. யானைகள் இரண்டும் போய், ராஜாவுக்கு ராஜா, வெள்ளைக்கு ஒரு சிப்பாய். வெள்ளை ராஜா ஈ5-க்கு வந்தது. தம்பி ஈ7-க்கு வந்து நேருக்கு நேர் நின்றான். ஆப்போசிஷன், அதாவது ராஜாக்கள் எதிரெதிரே நிற்க எதிராளி விலகியாக வேண்டிய நிலை, அவன் கையில். வெள்ளை ராஜா எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இவன் எதிரே போய் நிற்பான், ஆட்டம் டிரா. அப்படித்தான் அவன் நினைத்திருந்தான்.

வெள்ளை ராஜாவை நகர்த்தவில்லை. சிப்பாயை ஈ3-லிருந்து ஈ4-க்குத் தள்ளியது. ராஜாக்கள் அதே இடத்தில் எதிரெதிராக நிற்க, நகர்த்தவேண்டிய கட்டாயம் இப்போது கறுப்புக்கு வந்துவிட்டது. இவன் டி7-க்கு விலகினான், வெள்ளை எஃப்6-க்கு ஏறியது. ஈ8-க்கு வந்தான், வெள்ளை ஈ6. டி8-க்குப் போனான், வெள்ளை எஃப்7. அதோடு சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாகும் பாதை முழுதும் வெள்ளை ராஜாவின் காவலுக்குள் வந்துவிட்டது. 66-வது நகர்த்தலில் சிப்பாய் ஈ6-க்கு வந்ததும் தம்பி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தான்.

போட்டி 2-2. வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. அந்த ஒரு புள்ளிக் குறைவில் நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. தம்பி யாரிடமும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

முதல் இரவு செய்த அலசல்

அன்று இரவே ஆட்டத்தை எஞ்சினில், அதாவது நகர்த்தல்களை எடைபோடும் சதுரங்க மென்பொருளில், ஏற்றினேன். யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் கோடு 57 வரை ஏறக்குறைய நடுவில் ஓடி, 58-ல் செங்குத்தாக விழுந்திருந்தது. பலகையில் ஐந்து காய்கள் மட்டும் என்றால் எஞ்சின் யோசிக்கவே வேண்டியதில்லை. ஏழு காய்கள் வரை எல்லா நிலைகளுக்கும் முடிவு கணக்கிட்டு வைத்த பட்டியல் இருக்கிறது. அதில் டிரா என்றால் டிரா, தோல்வி என்றால் தோல்வி, வாதத்துக்கே இடமில்லை. 58-வது நகர்த்தலுக்கு, பெரிய தவறு என்று காட்டும் இரண்டு கேள்விக்குறி போட்டு, படத்தோடு அணியின் வாட்ஸப் குழுவில் அனுப்பினேன்.

இதை நான் செய்திருக்கக் கூடாது. “தெரியும்ங்கண்ணா” என்று ஒரு பதில் வந்தது. அதோடு சரி, அவன் அந்த ஆட்டத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. படத்தைப் பார்த்த மற்ற மூவரும் “யானையை ஏன் மாத்தினே?” என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். பதினேழு வயதுப் பையன், தன்னால்தான் அணி வெளியே போனது என்று ஏற்கனவே நினைத்துக்கொண்டிருப்பவன். அந்த இரவில் அவனுக்கு அது தேவையில்லை.

ஏதோ தவறு நடந்தது என்று எஞ்சின் சொன்னது. ஆனால் ஆப்போசிஷன் தெரிந்த ஒரு பையன் ஏன் அதைச் செய்தான் என்பதற்கு அதில் பதில் இல்லை.

பலகையை வைத்துக்கொண்டு

அடுத்த சனிக்கிழமை அவனை மட்டும் வரச் சொன்னேன். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு மரப்பலகையில் காய்களை அடுக்கினோம். 1948-ல் உலக சாம்பியனான மிகைல் போட்வினிக், தன் ஆட்டத்தைத் தானே அலசுவதைப் பயிற்சியின் நடுநாயகமாக வைத்தவர். அவர் காலத்தில் எஞ்சின் கிடையாது, அதனால் தனக்கு என்ன தோன்றியது என்பதிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். நாங்களும் அப்படியே தொடங்கினோம். சரியான நகர்த்தல் எது என்று நான் கேட்கவில்லை. செக் வந்ததும் மனதில் என்ன ஓடியது என்று மட்டும் கேட்டேன்.

“யானை போயிட்டா பயமே இல்லைங்கண்ணா. ஒரே ஒரு சிப்பாய்தானே. ராஜா எதிர்ல நின்னா டிரானு படிச்சிருக்கேன்.”

அவன் படித்தது என்ன என்று வரைந்து காட்டச் சொன்னேன். சரியாக வரைந்தான்: வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7, வெள்ளை ஆடவேண்டும். அது உண்மையிலேயே டிராதான். அதை அவன் நூறு முறை ஆடியிருக்கிறான். ஆட்டத்தில் வந்த நிலைக்கும் இந்தப் படத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம், சிப்பாய் ஈ4-ல் இல்லை, ஈ3-ல் இருந்தது. ராஜாவுக்கும் சிப்பாய்க்கும் நடுவே ஒரு காலிக் கட்டம். அந்தக் காலிக் கட்டம்தான் வெள்ளையின் கையிருப்பு. ராஜாவை அசைக்காமல் ஒரு நகர்த்தலைச் செலவழித்து, எதிராளியை நகர வைக்கலாம்.

இதை நான் சொல்லவில்லை. சிப்பாயை ஈ4-லும் ஈ3-லும் மாற்றி மாற்றி வைத்து அவனையே இரண்டு பக்கமும் ஆடவிட்டேன். மூன்றாவது முறை ஈ3-ல் வைத்தபோது கை நின்றது. “இங்க ஒரு மூவ் மிச்சம் இருக்கு” என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில் முக்கியமாகப் பட்டது அந்த இடம்தான்.

அப்புறம்தான் விதியாகச் சொன்னேன். சிப்பாய் ஈ3-ல் இருந்தால் டி5, ஈ5, எஃப்5 ஆகிய மூன்றும் முக்கியக் கட்டங்கள். வெள்ளை ராஜா அதில் ஏதாவது ஒன்றில் கால் வைத்துவிட்டால், யார் ஆட்டமாக இருந்தாலும் வெள்ளை ஜெயிக்கும். ஓரச் சிப்பாயைத் தவிர, 2, 3, 4-ம் வரிசைகளில் நிற்கும் எந்தச் சிப்பாய்க்கும் இதே கணக்கு: இரண்டு வரிசை மேலே, நேரே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. டி7-ல் யானைகள் அடிபட்டபோது கறுப்பு ராஜா டி7-க்கு ஒதுங்கிப்போனது. வெள்ளை ராஜாவுக்கு மூன்று கட்டங்களுமே திறந்து கிடந்தன.

பிறகு அதே செக்குக்கு ராஜாவை ஈ6-க்கு ஏற்றிப் பார்த்தோம். அங்கே நின்றாலே அந்த மூன்று கட்டங்களும் அடைபட்டுவிடுகின்றன. வெள்ளை பி6-ல் செக் கொடுத்தால் ஈ7-க்கு இறங்கலாம். வெள்ளை ராஜா சிப்பாயை விட்டு முன்னே ஏறினால், கறுப்பு யானை ஈ1-க்கு வந்து பின்னாலிருந்து சிப்பாயைப் பிடிக்கும். சிப்பாய் ஐந்தாம் வரிசைக்கு வந்த பிறகு பிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் காட்டிய வழி இருக்கிறது: யானையை ஆறாம் வரிசையில் நிறுத்தி வெள்ளை ராஜாவை அங்கே ஏறவிடாமல் தடுப்பது, சிப்பாய் ஆறுக்கு வந்து ராஜாவுக்கு மறைவிடம் இல்லாமல் போனதும் யானையை முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருப்பது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து தெரிந்த தடுப்பு. தம்பிக்கும் தெரியும். யானை கையில் இருந்தவரை அவனுக்கு டிரா இருந்தது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தை அவனே நினைவுபடுத்தினான். நேரலையில் பார்த்தவன். ஸ்கோர் ஆறரைக்கு ஆறரை. அப்போதைய சாம்பியன் டிங் லிரென் வெள்ளை, ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் காக்கக் கூடிய நிலை. 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து பரிமாற்றத்துக்கு நீட்டினார். குகேஷ் யானையை அடித்தார், பிறகு மந்திரிகளையும் மாற்றினார். மிஞ்சிய ராஜா-சிப்பாய் ஆட்டம் தோல்வி என்பதால் டிங் 58-வது நகர்த்தலுக்குப் பிறகு விட்டுக்கொடுத்தார், குகேஷ் உலக சாம்பியன் ஆனார். “அன்னைக்கு வீட்ல எல்லாரும் கத்தினோம்ங்கண்ணா. நானும் அதையேதான் செஞ்சிருக்கேன்” என்றான். அவனுக்கு ஆறுதலாகவும் அது இருந்தது என்று நினைக்கிறேன்.

கடிகாரம் காட்டியது

இன்னொன்று பாக்கி இருந்தது. கடிகாரத்தில் 11 நிமிடம் இருக்க, ஆட்டத்தின் மிகப் பெரிய முடிவை அவன் நான்கு விநாடியில் எடுத்திருந்தான். ஏன்?

கேட்டதும், “பஸ்ங்கண்ணா” என்றான். ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம். 25 நிமிடத் தாமதம் அவனைத் தொடக்கத்திலிருந்தே அரித்திருக்கிறது. நான் அதோடு விஷயம் முடிந்தது என்று எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஆட்டப் பதிவில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஆன நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது அது மட்டும் இல்லை என்று தெரிந்தது. முதல் 40 நகர்த்தல்களுக்கு அவன் சராசரியாக 36 விநாடி எடுத்திருக்கிறான். 41 முதல் 48 வரை 26 விநாடி. 49 முதல் 57 வரை 7 விநாடி. மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை. 48-க்கும் 49-க்கும் நடுவில் ஒரே வெட்டாக விழுகிறது. பஸ் கவலை மாலை முழுதும் இருந்தது. 48-ல் புதிதாக வந்தது என் செய்தி ஒன்றுதான்.

மறுவாரம் அவனிடம் இதைக் காட்டினேன். “டிரா போதும்னு நீங்க போட்டதும், சரி, ஆட்டம் முடிஞ்சிருச்சுனு தோணுச்சுங்கண்ணா. சீக்கிரம் காயெல்லாம் காலி பண்ணிட்டா யாரும் ஜெயிக்க முடியாதுனு” என்றான்.

அந்த செய்தி விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் அது அவன் கேள்வியையே மாற்றிவிட்டது. அதுவரை ஒவ்வொரு முறையும் எது நல்ல நகர்த்தல் என்று தேடியவன், அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டால் பலகை காலியாகும் என்று தேடியிருக்கிறான். கறுப்பு காத்துக்கொண்டே இருந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்றும் கணக்குப் போட்டோம். சிப்பாய் நகராமலும் காய் அடிபடாமலும் 50 நகர்த்தல் போனால் டிரா கோரலாம். இருவரும் பத்துப் பத்து விநாடி எடுத்தால் 50 நகர்த்தலுக்கு 17 நிமிடம். நடுவில் சிப்பாய் நகர்ந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், உண்மைதான். அவன் மனதில் அது ஒரு மணி நேரமாக இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதலில் என்னைப் பற்றி. ஆட்டம் நடக்கும்போது இனி ஸ்கோரை மட்டும் எழுதுவேன், “போதும்” என்ற சொல் கூடாது. எதிராளி டிரா கேட்டு, எங்கள் ஆள் என்னிடம் கேட்டால் மட்டும் பதில் சொல்வேன்.

போட்டி இரவில் எஞ்சின் படம் யாருக்கும் அனுப்புவதில்லை. தோற்றவர் முதலில் தன் நினைப்பைத் தன் கையால் எழுதவேண்டும், எஞ்சின் அதற்குப் பிறகு.

தம்பிக்கு ஒரே ஒரு பழக்கம் சொன்னேன்: கடைசிப் பெரிய காயை மாற்றும் முன், மாற்றிய பிறகு வரும் நிலையில் சிப்பாய் எங்கே, ராஜா எந்தக் கட்டத்தில் கால் வைக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணவேண்டும். கடிகாரத்தில் ஒரு நிமிடம் இல்லாவிட்டால் மாற்றக் கூடாது.

பஸ்ஸுக்கும் வழி செய்தோம். போட்டி தாமதமானால் அன்று இரவு இரண்டாம் போர்டு அண்ணன் வீட்டில் தங்கிவிட்டு, காலை முதல் பஸ்ஸில் போவது. அவன் அப்பாவிடம் நானே பேசினேன். “முதல்லயே சொல்லியிருந்தா நானே இருக்கச் சொல்லியிருப்பனேங்க” என்றார். எனக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வரும் பையன் எப்படித் திரும்பிப் போவான் என்று ஒரு தலைவர் தெரிந்து வைத்திருப்பது ஆட்டத்தின் பகுதிதான்.

பிறகு நடந்தது

ஜனவரியில் ஒரு போட்டியில் அவன் யானையும் ஏ-வரிசைச் சிப்பாயும் வைத்திருந்த எதிராளியைத் தடுத்துக்கொண்டிருந்தான். இவன் ராஜா ஏ8 மூலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஓரச் சிப்பாய், மூலையில் ராஜா. யானைகள் போனால் அந்த நொடியே டிரா, யாராலும் ஜெயிக்க முடியாது. எதிராளியே பரிமாற்றத்துக்கு யானையை நீட்டினார். இவன் மறுத்து விலகினான். இன்னும் 30 நகர்த்தல் போராடி, கடிகாரத்தில் 40 விநாடி மிச்சம் இருக்க டிரா ஆனது.

“யானையை மாத்தறதுன்னாலே பயமா இருக்குங்கண்ணா.”

நான் கொடுத்த பழக்கம் அவனிடம் தடையாக மாறியிருந்தது. கூடவே எதை எண்ணுவது என்று பழக்காமல் எண்ணு என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதனால் பத்து நிலைகள் தயார் செய்தேன். எல்லாவற்றிலும் யானையை மாற்றலாமா என்பதே கேள்வி. சிலவற்றில் மாற்றினால் டிரா, சிலவற்றில் தோல்வி, இரண்டில் மாற்றினால் அவனுக்கே வெற்றி. பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும், சிப்பாய் ஒரு கட்டம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். முதல் முறை ஆறு சரியாகச் சொன்னான். மூன்று வாரம் கழித்து ஒன்பது. தவறிய ஒன்றில் ராஜா இரண்டு நகர்த்தலில் சேரும் இடத்தை மூன்று என்று எண்ணியிருந்தான்.

மார்ச் போட்டியில் அவனுக்கு வெள்ளை. ஒரு சிப்பாய் கூடுதல். அவனே யானையை நீட்டி மாற்றிக்கொண்டு, ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் ஜெயித்தான். அந்த ஒரு நகர்த்தலுக்கு அவன் எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 50 விநாடி.

மாற்றிச் செய்ய வேண்டியது

முதல் இரவு அனுப்பிய படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அது இல்லாமல் இருந்திருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே அவன் பலகை முன் உட்கார்ந்திருப்பான். 34-வது நகர்த்தலில் சிப்பாய் போனதை நாங்கள் இன்னும் ஒழுங்காக அலசவில்லை. கடைசித் தவறு பெரிதாக இருந்ததால் எல்லோர் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது. அதை இந்த மாதம் எடுக்கிறோம்.

ஸ்கோரைச் சொல்வதா வேண்டாமா என்பதில் அணிக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. தெரிந்தால்தான் எவ்வளவு துணிவது என்று முடிவெடுக்க முடியும் என்கிறார் முதல் போர்டு. தன் ஆட்டம் முடியும் வரை திரையையே பார்க்கமாட்டேன் என்கிறார் நான்காம் போர்டு. தம்பியிடம் கேட்டபோது, ஸ்கோர் மட்டும் இருக்கட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அதனால் இப்போதைக்கு எண்களை மட்டும் எழுதுகிறேன்.